பொது நிருவாக முதுமாணிப் பட்டம்: நுழைவுத் தகைமைகளும் கரையோரத்து மக்களும்
திருக்கோவிலை நோக்குநிலையாகக் கொண்ட சில கருத்துகள்

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் அமைந்த திருக்கோவில், சித்திரவேலாயுத சுவாமி கோவிலால் பெயர்பெற்ற ஊராகும். இப்பிரதேசத்துக் கோவில்களின் காரியங்களை நெடுங்காலமாகக் கவனித்து வந்தோர், தாய்வழிக் குடி முறையின்படி உரிமை பெற்ற வண்ணக்கர்மார். வடக்கே அக்கரைப்பற்று முதல் கல்முனை வரை பரந்து கிடக்கும் முஸ்லிம் ஊர்களில், அதே குடி முறையைத் தழுவிப் பள்ளிவாசல்களின் காரியங்களைப் பார்த்தோர் மரைக்கார்மார். வயல்வெளியில் நீர்ப்பங்கீட்டையும் வரம்பு வாய்க்கால் பராமரிப்பையும் மேற்பார்வை செய்தவர் வட்டவிதானையார். நிருவாகம் என்பது கச்சேரியோடு இப்பகுதிக்கு வந்திறங்கிய புதுமை அன்று என்பதை இவை காட்டும்.

இப்பதவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவுத் தகைமை இருந்தது. வண்ணக்கருக்கும் மரைக்காருக்கும் அது குடிப்பிறப்பு. குடியேற்ற ஆட்சிக் காலத்துச் சிவில் சேவைக்கு அது ஆங்கிலக் கல்வியும் போட்டிப் பரீட்சையும். இன்றைய அரச உத்தியோகத்துக்கு அது பல்கலைக்கழகப் பட்டம். உயர் உத்தியோகத்துக்கு, வரவரப் பட்டப்பின் பட்டமும் ஆகும். தகைமை எதுவாயினும் அது இரண்டு காரியங்களை ஒருங்கே செய்கிறது. வேலைக்கு வேண்டிய ஆற்றல் இன்னது என்று கூறுகிறது. அவ்வாறு கூறும்போதே, யார் வாசலுக்கு வெளியே நிற்பார் என்பதையும் தீர்மானித்து விடுகிறது. முதலாவது வெளிப்படையாக எழுதப்படுவது. இரண்டாவது எழுதப்படாமலே நிகழ்வது.

பொது நிருவாக முதுமாணிக் கற்கைநெறி ஒன்றின் அனுமதி விதிகளையும் பட்டம் பெறுதற்கான விதிகளையும் விளக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கம். அவ்விதிகள் திருக்கோவில் போன்றதொரு பிரதேசத்திலிருந்து வரும் பட்டதாரிக்கும், அவர் பணியாற்றவேண்டிய மக்களுக்கும் எவ்வாறு பொருள்படுகின்றன என்று நோக்குவது இரண்டாவது. விதிகளை வாசிப்பதோடு நின்றுவிடின், அவை நடுநிலையானவை என்ற மயக்கமே எஞ்சும் என்பதனால் இவ்விரண்டையும் இணைத்தே நோக்க விழைகிறோம்.

1. இப்படிப்பு தோன்றிய வகை

நிருவாகத்தைத் தனியொரு கல்வித்துறையாகக் கருதும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அரசியலிலிருந்து நிருவாகத்தைப் பிரித்துத் தனியாக ஆராய வேண்டும் என வூட்ரோ வில்சன் 1887இல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்க நூல்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. 1924இல் ஐக்கிய அமெரிக்காவின் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் மக்ஸ்வெல் கல்லூரி நிறுவப்பட்டதோடு, பட்டப்பின் நிலையில் பொது நிருவாகம் கற்பிக்கும் மரபு உருப்பெற்றது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் பொது நிருவாகத்தில் டிப்ளோமா ஒன்றைத் தொடங்கியது. இந்தியா விடுதலை பெற்ற பின்னர், போல் அப்பிள்பி 1953இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954இல் புதுடில்லியில் இந்தியப் பொது நிருவாக நிறுவனம் தோன்றியது.

இலங்கையில் சிவில் சேவை 1963 மே 1ஆம் திகதி ஒழிக்கப்பட்டு, அதன் இடத்தில் நிருவாக சேவை உருவாக்கப்பட்டது. சிறுகுழுவொன்றின் உரிமையாக இருந்த உயர் உத்தியோகத்தை விரிந்த அடித்தளத்தில் அமைப்பது இம்மாற்றத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. அதிகாரிகளைப் பயிற்றுவிப்பதற்கென 1966இல் அமைக்கப்பட்ட நிருவாகக் கல்விக்கழகம், பின்னர் இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவனமாக மாற்றம் பெற்று, 1982ஆம் ஆண்டின் சட்டமொன்றால் வலுவூட்டப்பட்டது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் பொது நிருவாகத்தில் முதுமாணிப் பட்டம் வழங்கி வருகிறது. அபிவிருத்தி நிருவாக நிறுவனமும் அரச முகாமைத்துவத்தில் முதுமாணிக் கற்கையை நடாத்துகிறது. இவ்விரு நிறுவனங்களும் கொழும்பில் அமைந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

வில்சன் முன்வைத்த 'அரசியல் வேறு, நிருவாகம் வேறு' என்ற கொள்கை பிற்காலத்தில் பலராலும் மறுக்கப்பட்டது. எனினும், கற்கைநெறிகளின் விதிகளைப் பொறுத்தவரை அக்கொள்கை இன்றும் மறைமுகமாக வாழ்கிறது. எவ்விடத்தவர், எம்மொழியினர், யாருக்குப் பணியாற்றப் போகிறவர் என்ற வினாக்கள் விண்ணப்பப் படிவத்தில் இடம்பெறுவதில்லை. அவை அரசியல் வினாக்கள் என்று கருதப்படுகின்றன போலும்.

2. நுழைவுக்கு வேண்டப்படுவன

இத்துறையில் முதுமாணிக் கற்கைநெறிகள் வேண்டும் நுழைவுத் தகைமைகள், உலகின் பல பாகங்களிலும் ஏறத்தாழ ஒரே வகையின. அவற்றை ஐந்தாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, இளமாணிப் பட்டம். பொது நிருவாகத்தில் மட்டுமே பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கோரப்படுவதில்லை. மருத்துவர், பொறியியலாளர், ஆசிரியர், கணக்காளர் என எத்துறையினரும் நிருவாகப் பொறுப்புக்கு வருவது வழக்கமாதலின், எத்துறைப் பட்டமும் ஏற்கப்படுவது இப்படிப்பின் தனிச்சிறப்பு.

இரண்டாவது, பட்டத்தின் தரம். இதனை விளங்கிக்கொள்வதற்கு இலங்கைத் தகைமைகள் சட்டகத்தை அறிந்திருத்தல் அவசியம். 2012இல் அறிமுகமாகிப் பின்னர் திருத்தப்பட்ட இச்சட்டகம், கல்வித் தகைமைகளை 12 மட்டங்களாக வகுக்கிறது. மூன்றாண்டுப் பொதுப்பட்டம் 90 கிரெடிட்டுகளைக் கொண்டு 5ஆம் மட்டத்திலும், நான்காண்டுச் சிறப்புப்பட்டம் 120 கிரெடிட்டுகளைக் கொண்டு 6ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. 7ஆம் மட்டம் பட்டப்பின் சான்றிதழ்; 8ஆம் மட்டம் பட்டப்பின் டிப்ளோமா. 9ஆம் மட்டம் பாடநெறி வழியான முதுமாணி. 10ஆம் மட்டம் பாடநெறியோடு ஆய்வும் இணைந்த முதுமாணி. 11ஆம் மட்டம் முதுதத்துவமாணி. 12ஆம் மட்டம் கலாநிதி. சிறப்புப்பட்டம் பெற்றவர்க்கு ஆய்வு முதுமாணியின் வாசல் நேரே திறக்கும். பொதுப்பட்டம் பெற்றவர் நல்ல புள்ளிச் சராசரியைக் காட்ட வேண்டும். அல்லது சான்றிதழ், டிப்ளோமா ஆகிய படிகளின் வழியாக ஏற வேண்டும்.

மூன்றாவது, சேவை அனுபவம். நிருவாகம் ஏட்டுக்கல்வி மாத்திரமன்று என்பதே இதன் நியாயம். ஆயின் எத்தகைய அனுபவம் என்பதில்தான் சிக்கல் உண்டு. 'முகாமைத்துவ மட்டத்தில்' அல்லது 'நிறைவேற்றுத் தரத்தில்' அனுபவம் என்று விதி வரையப்படும்போது, கிராம உத்தியோகத்தரும் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமுர்த்தி உத்தியோகத்தரும் கணக்கில் வராது போவர். மக்களை நாள்தோறும் நேரிற் சந்திக்கும் உத்தியோகத்தரின் அனுபவத்தை அனுபவமாகக் கருதாத விதியொன்று, நிருவாகத்தைப் பற்றித் தான் கொண்டுள்ள கருத்தையே வெளியிடுகிறது எனலாம்.

நான்காவது, மொழித்தேர்ச்சி. போதனையும் நூல்களும் ஆங்கிலத்தில் அமையும் இடங்களில், எழுத்துப் பரீட்சையாலோ நேர்முகத்தாலோ ஆங்கில அறிவு சோதிக்கப்படுகிறது. தேர்வுப் பரீட்சை பொது அறிவையும் நுண்ணறிவையும் அளப்பதாகச் சொல்லப்பட்டாலும், அது எம்மொழியில் நடைபெறுகிறதோ அம்மொழியையும் சேர்த்தே அளக்கிறது.

ஐந்தாவது, கட்டணமும் விடுப்பும். இவை தகைமைகளாக எழுதப்படுவதில்லை. எனினும் தகைமைகளாகவே தொழிற்படுகின்றன. திணைக்களத்தின் சம்மதக் கடிதம் இல்லாதவரும், கட்டணத்தைச் செலுத்த வழியற்றவரும், ஏனைய நான்கு தகைமைகளையும் பெற்றிருந்தாலும் வெளியிலேயே நிற்பர்.

3. பட்டத்துக்கு வேண்டப்படுவன

அனுமதி பெற்றபின் மாணவர் நிறைவேற்ற வேண்டியவை கிரெடிட் என்னும் அளவால் கணிக்கப்படுகின்றன. இலங்கைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை மண்டபத்தில் இருக்கும் நேரம் மாத்திரமன்றி, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான ஆயத்தம் ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கும். பட்டப்பின் சான்றிதழுக்கு 20, பட்டப்பின் டிப்ளோமாவுக்கு 25, பாடநெறி வழியான முதுமாணிக்கு 30, ஆய்வோடு இணைந்த முதுமாணிக்கு 60 கிரெடிட்டுகள் ஆகக்குறைந்த அளவாக விதிக்கப்பட்டுள்ளன. 60 கிரெடிட் முதுமாணியில் ஆகக்குறைந்தது 15 கிரெடிட்டுகள் ஆய்வுக்குரியவை.

பாடங்களைப் பொறுத்தவரை, பொது நிருவாகக் கோட்பாடு, அமைப்பு நடத்தை, அரச நிதியும் வரவு செலவுத் திட்டமும், பொதுக்கொள்கைப் பகுப்பாய்வு, மனிதவள முகாமைத்துவம், நிருவாகச் சட்டம், ஆய்வு முறையியலும் புள்ளிவிபரவியலும் என்பன பெரும்பாலும் கட்டாயப் பாடங்களாக அமைகின்றன. இவற்றின்மேல் அபிவிருத்தி நிருவாகம், உள்ளூராட்சி, அனர்த்த முகாமைத்துவம் முதலிய விருப்பப் பாடங்கள் அடுக்கப்படும். பல நாடுகளில் இன்னமும் பணியனுபவம் பெறாத மாணவர்க்குக் களப்பயிற்சி கட்டாயம். இறுதியில் ஆய்வேடு, அதனையொட்டி வாய்மொழிப் பரீட்சை.

இவ்வெண்களை ஓர் உத்தியோகத்தரின் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். 60 கிரெடிட் என்பது 3,000 மணித்தியாலங்கள். இரண்டு ஆண்டுகளின் 104 வாரங்களுக்குள் முடிப்பதாயின், வாரமொன்றுக்கு ஏறத்தாழ 29 மணித்தியாலங்கள் வேண்டும். காலை 8.30 முதல் மாலை 4.15 வரை வாரத்தில் ஐந்து நாட்கள் கந்தோரில் இருப்பவருக்கு, அலுவலக நேரம் ஏறத்தாழ 39 மணித்தியாலங்கள். இரண்டும் சேர்ந்து 68 மணித்தியாலங்களாகின்றன. கொழும்பில் வாழ்பவருக்கும் இது கடினமே. திருக்கோவிலில் வாழ்பவரோ, வார இறுதி வகுப்புக்காக 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை இரவு பஸ்ஸிற் கடந்து, மறுபடியும் திங்கட்கிழமை காலையில் கையொப்பப் புத்தகத்தின் முன் நிற்க வேண்டும். இந்தப் பயண நேரத்துக்குச் சட்டகத்தில் கிரெடிட் இல்லை. பெண் உத்தியோகத்தராயின் வீட்டுவேலையின் நேரத்தையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். அதற்கும் கிரெடிட் இல்லை.

வகுப்புக்குக் குறித்த வீதம் சமுகமளிக்க வேண்டும் என்ற விதி எல்லார்க்கும் பொதுவானதாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அது எல்லாரிடமிருந்தும் ஒரே அளவான உழைப்பை வாங்குவதன்று என்பது இதனாற் புலனாகும்.

4. ஒரே வாசலில் முடிவுறும் மூன்று ஆதரவுகள்

இலங்கையில் ஏழை எளியவரின் பிள்ளைகள் பல்கலைக்கழகம்வரை வரக்கூடியதாக இருந்தமைக்கு மூன்று ஏற்பாடுகள் துணைநின்றன.

முதலாவது இலவசக் கல்வி. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், பாலர் வகுப்பு முதல் முதற்பட்டம் வரையான கல்வியைக் கட்டணமின்றி வழங்கிற்று. இரண்டாவது தாய்மொழிப் போதனை. பாடசாலைகளில் படிப்படியாகப் பரவிய சுயபாஷைக் கல்வி, 1960 முதல் பல்கலைக்கழகங்களின் கலைப்பீடங்களையும் எட்டியது. தமிழில் உயர்தரம் கற்றவர் தமிழிலேயே பொருளியலும் அரசறிவியலும் வரலாறும் கற்றுப் பட்டம் பெறும் நிலை இதனால் உருவாயிற்று.

மூன்றாவது மாவட்டப் பங்கீடு. இதன் வரலாறு கசப்பும் பயனும் கலந்தது. 1971இல் புகுத்தப்பட்ட மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ்மொழி மூல மாணவர்க்கு இழைக்கப்பட்ட வெளிப்படையான அநீதி. அது நாட்டின் பிற்கால வரலாற்றில் ஏற்படுத்திய வடுவை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 1974 முதல் வந்த மாவட்டப் பங்கீடோ இருமுகம் கொண்டது: முன்னேறிய மாவட்டங்களின் மாணவருக்கு வாசலைக் குறுக்கிய அதே ஏற்பாடு, வசதி குறைந்த மாவட்டங்களின் மாணவருக்கு அதனைச் சிறிது அகலத் திறந்தது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்ற பங்கீடு பின்னர் நிலைபெற்றது. அப்பதினாறில் அம்பாறையும் ஒன்று.

இவற்றோடு, 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுமை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகமும், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமாகிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உயர்கல்வியைக் கரையோரத்தின் அருகே கொண்டுவந்தன. போர் நடந்த ஆண்டுகளிலும் இப்பிரதேசத்துத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் பட்டதாரிகளாக முடிந்தமை இவற்றின் பயனே.

பட்டப்பின் படிப்பின் வாசலுக்கு வரும்போது, இம்மூன்று ஆதரவுகளும் ஒரே இடத்தில் முடிந்து போகின்றன. இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு நிற்கிறது. முதுமாணிக் கற்கைநெறிகள் பெரும்பாலும் கட்டணத்தின் பேரிலேயே நடைபெறுகின்றன. தாய்மொழிப் போதனை முதற்பட்டத்தோடு நிற்கிறது. நிருவாகமும் முகாமைத்துவமும் பட்டப்பின் நிலையில் பெரிதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. மாவட்டப் பங்கீடும் முதற்பட்டத்தோடு நிற்கிறது. பட்டப்பின் அனுமதியை அந்தந்தப் பீடமும் நிறுவனமும் தத்தம் விதிப்படி தீர்மானிக்கின்றன. ஒன்று விலகினாலும் மற்ற இரண்டின் துணையோடு ஒருவர் சமாளித்துக்கொள்ளலாம். மூன்றும் ஒருங்கே விலகும் இடத்தில், தகைமை என்ற சொல்லுக்குள் வர்க்கமும் மொழியும் இடமும் ஒருங்கே வந்து அமர்ந்து கொள்கின்றன. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

இது நிருவாகத்துக்கு மட்டும் உரிய குறை அன்றே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். பொறியியலிலும் விஞ்ஞானத்திலும் இவ்வாறே நிகழ்கிறது. ஆயின் பாலத்துக்குத் தாய்மொழி இல்லை. பிரதேச செயலகத்துக்கு வரும் மனிதருக்கு உண்டு.

5. நிருவாகத்தின் மொழி

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டுப் பதினாறாவது திருத்தம், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழியாக விளங்கும் என்றும், பொதுப் பதிவேடுகள் அம்மொழியிற் பேணப்படும் என்றும் ஏற்பாடு செய்தது. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திலிருந்து இவ்விடத்துக்கு வர மூன்று தசாப்தங்களும் எண்ணற்ற உயிர்களும் செலவாயின. 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட பொது நிருவாகச் சுற்றறிக்கையொன்று, அவ்வாண்டு யூலை 1ஆம் திகதிக்குப் பின் சேவையில் இணையும் உத்தியோகத்தர் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என விதித்தது. இது சேவைக்கான விதி. பட்டத்துக்கான விதி அன்று. ஆதலால், கிழக்கில் நிருவாக மொழியாகச் சட்டம் ஏற்றுள்ள மொழியில் ஒரு கோப்பையேனும் எழுதாமல், ஒருவர் பொது நிருவாகத்தில் முதுமாணியாகிவிடக் கூடும்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1812இல் சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டையில் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் முன்னின்று அமைத்த அக்கல்லூரியின் நோக்கம், கம்பனியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் பிற தென்னக மொழிகளும் கற்பிப்பதாகும். வரி அறவிடுவதற்காகவே ஆயினும், ஆளப்படும் மக்களின் மொழியை அறியாதவர் ஆள முடியாது என்பதைக் கம்பனியார் உணர்ந்திருந்தனர். குடியேற்ற ஆட்சி தன் நலனுக்காகக் கண்டுகொண்ட உண்மையை, மக்களாட்சி மக்கள் நலனுக்காகக் கண்டுகொள்ளாமல் இருப்பது நியாயமாகாது.

மொழி என்பது ஈண்டு வெறும் உரையாடற் கருவி அன்று. 2004 டிசம்பர் 26இன் கடற்கோளை நினைவுகூர்வோம். நாட்டில் மிகக்கூடிய உயிரிழப்பைக் கண்ட மாவட்டம் அம்பாறை. மாண்டோர் தொகை 10,000ஐத் தாண்டியது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது முதல் தெற்கே திருக்கோவில், பொத்துவில் வரை கரையோரம் முழுவதும் அழிவுக்குள்ளாயிற்று. அதனை அடுத்த மாதங்களில் பிரதேச செயலகங்களின் முன் நின்ற வினாக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உடல் கிடைக்காதவரின் மரணத்தை எவ்வாறு பதிவது? இரு பெற்றாரையும் இழந்த பிள்ளை யார் பொறுப்பில் வளர்வது? உறுதி கடலோடு போன காணிக்கு உரியவர் யார்? இவற்றுட் சிலவற்றுக்கு வழிவகுக்க 2005இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றர் வரை மீளக் கட்டக்கூடாது என்ற விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அவ்வெல்லை 100 மீற்றராக இருந்தது. பின்னர் இவை தளர்த்தப்பட்டன. கரைவலைத் தொழிலாளிக்கு 200 மீற்றர் என்பது தொழிலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரம். பெண்வழியாக வீடும் வளவும் சீதனமாகச் செல்லும் இப்பிரதேசத்தில், புதிய வீட்டின் உறுதியைக் குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணுக்கு எழுதுவது, பரம்பரை உரிமையொன்றை ஒரு கையொப்பத்தால் மாற்றுவதாகும்.

இவ்வினாக்களுக்கு விடைகாண நிருவாகச் சட்டமும் வேண்டும், புள்ளிவிபரமும் வேண்டும், ஊரின் குடி வழக்கும் காணி வழக்கும் அறிந்திருக்கவும் வேண்டும். பின்னையதை எந்தக் கட்டாயப் பாடமும் கற்பிப்பதில்லை. அதுபோன்றே, 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் செயலகம் உள்நாட்டு நகரில் அமைந்திருப்பதும், கல்முனையிற் பிரதேச செயலக எல்லை பற்றித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே நீடித்துவரும் பிணக்கும், நிருவாக எல்லைக்கோடுகள் எவ்வாறு சமூக உறவுகளைப் பாதிக்கின்றன என்பதற்குக் கண்முன் உள்ள பாடங்களாகும். ஒரே மொழியைப் பேசும் இரு சமூகங்கள் ஒரு கந்தோரின் எல்லைக்காக முரண்படும்போது, அதனை இருபக்க நியாயங்களோடும் ஆராய்ந்த நல்லதோர் ஆய்வேடு, மேடைப் பேச்சுக்கள் பலவற்றினும் பயன்தரும்.

6. சில மறுப்புகளும் நம் முன்மொழிவுகளும்

தமிழில் நிருவாகக் கல்வி என்றவுடன் எழும் மறுப்புகள் இரண்டு. உலக ஆய்வுகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் நூல் இல்லை என்பது ஒன்று. தமிழில் மட்டும் கற்றவர் மாகாண எல்லைக்குள் முடங்கிவிடுவார், கொழும்பில் அவர் குரல் எடுபடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. அவற்றை மறைப்பதால் நமக்கு நன்மை இல்லை. ஆங்கிலம் அறியாத நிருவாகியை நாம் வேண்டவில்லை. ஆங்கிலத்தில் வாசித்து விளங்கும் ஆற்றலையும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் ஆற்றலையும் ஒன்றாகக் கருதி, இரண்டாவது இல்லாதவரை வாசலிலேயே தடுத்து நிறுத்துவதையே மறுக்கிறோம். நூல் இல்லை என்பதும் ஒரு வட்டத்தின் பாதியே. தமிழில் ஆய்வேடு ஏற்கப்படாதவரை தமிழில் நூல் தோன்றாது. நூல் இல்லை என்பதால் ஆய்வேடும் ஏற்கப்படாது. இவ்வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

ஆதலின், கிழக்குப் பல்கலைக்கழகமாயினும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாயினும் கரையோரத்து மக்களை மனங்கொண்டு நடாத்தும் எந்தப் பொது நிருவாகக் கற்கைநெறியும் பின்வருவனவற்றைச் சிந்திக்க வேண்டும் எனக் கருதுகிறோம்.

அ. பொதுப்பட்டதாரிக்கு 25 கிரெடிட் டிப்ளோமா வழியாக நுழைவு தரப்பட வேண்டும். அக்கிரெடிட்டுகள் முதுமாணிக்குள் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். இடையில் நிற்க நேர்ந்தவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்க இது வழிசெய்யும்.

ஆ. அனுபவம் என்பது பதவித் தரத்தால் அன்றி, மக்களோடு ஆற்றிய பணியால் மதிக்கப்பட வேண்டும். கிராம மட்ட உத்தியோகத்தரின் சேவைக்காலம் தகைமையாக ஏற்கப்பட வேண்டும்.

இ. நுழைவில் ஆங்கில வாசிப்பு சோதிக்கப்படலாம். அதற்குரிய முன்பயிற்சியைக் கற்கைநெறியே வழங்க வேண்டும். பட்டம் பெறுமுன் சிங்களத்தில் அலுவலகத் தேர்ச்சியும் வேண்டப்படலாம். மாவட்டச் செயலகத்தோடும் மத்திய அரசோடும் வாதாட அது உதவும்.

ஈ. ஆய்வேடு தமிழில் எழுத அனுமதிக்கப்பட வேண்டும்; மற்றைய இரு மொழிகளிலும் சுருக்கம் இணைக்கப்பட வேண்டும். ஆய்வேட்டின் பிரதியொன்று, ஆராயப்பட்ட பிரதேச செயலகத்திலும் பொது நூலகத்திலும் வைக்கப்பட வேண்டும்.

உ. காணி வழக்கு, உள்ளூர் நிறுவனங்கள், அனர்த்த நிருவாகம் ஆகியவை இக்கரையோரத்தைக் களமாகக் கொண்டு கட்டாயப் பாடமாக்கப்பட வேண்டும். தமிழ் ஊரவர் முஸ்லிம் ஊரிலும், முஸ்லிம் ஊரவர் தமிழ் ஊரிலும் களப்பயிற்சி பெறுவது விதியாகுமாயின், அதன் பயன் பட்டத்தோடு நில்லாது.

ஊ. கட்டணத்தைப் பொறுத்தவரை, கிராம மட்ட உத்தியோகத்தருக்கேனும் அரசு உதவுதொகை வழங்க வேண்டும். அரச சேவைக்கு வேண்டிய கல்வியின் செலவை அரச ஊழியரின் குடும்பம் சுமப்பது இலவசக் கல்வியின் தத்துவத்துக்கு முரணானது.

இவை தரத்தைத் தாழ்த்தும் கோரிக்கைகள் அல்ல. 60 கிரெடிட் 60ஆகவே இருக்கட்டும். புள்ளிவிபரவியலில் சித்தியடையாதவர் சித்தியடையாதவராகவே இருக்கட்டும். தரம் எதனைக் கொண்டு அளக்கப்பட வேண்டும் என்பதே நம் வினா.

திருக்கோவிலில் உள்ளதைப் போன்ற எந்தப் பிரதேச செயலகத்திலும், காலையில் விண்ணப்பத்தோடு வந்து வரிசையில் நிற்கும் தாயொருவர், மேசைக்கு அப்பால் இருக்கும் அதிகாரியின் பட்டத்தை அறியமாட்டார். தான் சொன்னது விளங்கிக்கொள்ளப்பட்டதா, தன் மொழியிற் பதில் எழுதப்பட்டதா, மறுபடியும் வரச் சொல்கிறார்களா என்பதையே அவர் அறிவார். பொது நிருவாக முதுமாணிப் பட்டத்தின் இறுதிப் பரீட்சையை நடாத்துபவர் அவரே. அப்பரீட்சைக்கு மாணவரை ஆயத்தம் செய்யாத கற்கைநெறி, மூதவையின் விதிகள் அனைத்தையும் நிறைவேற்றியிருப்பினும், தன் முதற்கடமையில் தவறியதாகவே கொள்ளப்படும்.